முக்கால் மணியும் மூணு நிமிஷமும்

கணக்குப் புத்தகத்தில் வரும் மனிதர்களைப் பற்றி யாராவது ஒரு ஆராய்ச்சி பண்ணலாம். விசித்திரமான ஆசாமிகள். ஒருத்தர் காலை ஆறு மணிக்கு ஊர் 'அ'வை விட்டு 40 கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புவார். இன்னொருத்தர் ஏழரைக்கு ஊர் 'ஆ'விலிருந்து 60-ல் கிளம்புவார். எதுக்கு இந்த அவசரம், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா, டீயாவது குடித்தார்களா... மூச்! வழியில் எங்கே சந்திப்பார்கள் என்பது மட்டும்தான் கேள்வி. சந்தித்து என்ன பேசிக்கொண்டார்கள் என்று இன்றுவரை எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

மூன்றாவதாக ஒரு ஆள் உண்டு. தொட்டியில் இரண்டு குழாய் வழியாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே, அடியில் இருக்கும் மூன்றாவது குழாயையும் திறந்து வைப்பார். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்ற ஊர் சார் இது. இங்கே ஒருத்தர் அப்படிச் செய்தால் தொட்டி நிரம்ப எத்தனை மணி நேரம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். உதைப்பார்கள்.

சரி, இந்த ஆசாமிகள் எல்லாம் எங்கே குடியிருக்கிறார்கள்? என்னைக் கேட்டால் பட்டாபிராமில்தான். எங்கள் ஊரில் வேகம், தூரம், நேரம் இந்த மூன்றையும் மனசுக்குள் பெருக்கிக் கழிக்காமல் யாரும் காலையில் செருப்பு மாட்டுவதில்லை. சென்ட்ரலுக்கு சுமார் 25 கிலோமீட்டர். யூனிட் வண்டியில் முக்கால் மணி, சில நாள் அதற்கும் மேலே. நடுவில் இந்து காலேஜ், ஆவடி, அண்ணனூர், திருமுல்லைவாயில், அம்பத்தூர் என்று ஆரம்பித்து பேசின் பிரிட்ஜ் வரை 13 இடத்தில் நிற்கும். 25-ஐ முக்காலால் வகுத்தால் மணிக்கு முப்பத்து மூன்றே சொச்சம் கிலோமீட்டர். ஜன்னலோரம் உட்கார்ந்து பார்த்தால் வண்டி என்னவோ பறக்கிற மாதிரிதான் இருக்கும். ஆனால் ஸ்டேஷனுக்கு அரை நிமிஷம் என்று வைத்தாலே, நின்ற நேரம் மட்டும் ஆறரை நிமிஷம். அது போக, வேகம் எடுக்கவும் குறைக்கவும் ஆகிற நேரம் வேறு. 'சராசரி' என்கிற வார்த்தையின் அர்த்தம் எனக்குப் புரிந்தது பள்ளிக்கூடத்தில் இல்லை, இந்த வண்டியில்தான்.

ரயிலுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் புதுசும் இல்லை. 1856 ஜூலை 1-ம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குப் போனதே, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்? அது எங்கள் பக்கத்து மண்ணைத் தாண்டித்தான் போயிற்று. அப்படிப்பட்ட ஊரில் ஒரு பையன் ரயில் கணக்குக்குப் பயப்படலாமா?

பயந்தான். எதிர் வீட்டுப் பையன். பையன் என்பது ஒரு வசதிக்குத்தான், வயசு 27. பகலில் பைக்கில் சாப்பாடு டெலிவரி. ராத்திரி ரயில்வே பரீட்சைக்குப் படிப்பு. ஆர்.ஆர்.பி. முதல் கட்டத் தேர்வில் நூறு கேள்வி, 90 நிமிஷம். கேள்விக்கு 54 விநாடி. அதில் 30 கேள்வி கணக்கு. தப்பாக எழுதினால் மூன்றில் ஒரு பங்கு மார்க் காலி. அதாவது மூணு தப்புக்கு ஒரு சரி அவுட். ஏற்கெனவே இரண்டு தடவை எழுதி இரண்டு தடவையும் கணக்கில் கவிழ்ந்திருந்தான்.

"அண்ணா, எனக்குப் பின்னம் வராதுண்ணா" என்றான், ஏதோ பரம்பரை வியாதியைச் சொல்வதுபோல.

"சென்ட்ரல் போக எவ்வளவு நேரம் ஆகும்டா?"

"முக்கால் மணி."

"பால் எவ்வளவு வாங்குவே?"

"அரை லிட்டர்."

"காலையில எத்தனை மணிக்குக் கிளம்பறே?"

"ஏழே கால், ஏழரை."

"நாள் பூரா பின்னத்துலதாண்டா பேசறே. பேப்பர்ல கோடு போட்டு மேலே மூணு, கீழே நாலுன்னு எழுதினா மட்டும் ஏன் காய்ச்சல் வருது?"

யோசித்துப் பார்த்தால், பின்னத்துக்கு இத்தனை செல்லப் பெயர் வைத்த மொழி அதிகம் இருக்காது. கால், அரை, முக்கால் நமக்குத் தெரியும். காலில் பாதி அரைக்கால். அதில் பாதி வீசம், அதாவது பதினாறில் ஒன்று. இருபதில் ஒன்று மா. எண்பதில் ஒன்று காணி. முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடியை ராகம் போட்டு ஒப்பித்த பொடியன்கள், முந்திரி வரைக்கும் மனசிலேயே கூட்டினார்கள். நாம் கால்குலேட்டரைத் தேடுகிறோம்.

அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். கணக்கை முதலில் வாயால் தமிழில் சொல்ல வேண்டும். அப்புறம்தான் பேனா. ஒரு குழாய் தொட்டியை 4 மணியில் நிரப்பும், இன்னொன்று 8 மணியில், இரண்டும் சேர்ந்தால்? "முதல் குழாய் மணிக்குக் கால் தொட்டி. ரெண்டாவது அரைக்கால் தொட்டி. மொத்தம் எட்டுல மூணு பங்கு." அவ்வளவுதான். எட்டை மூணால் வகுத்தால் 2 மணி 40 நிமிஷம். பையன் தன் கையெழுத்தைத் தானே நம்பாமல் ரெண்டு தடவை பார்த்தான்.

நேரம், தூரம் கணக்கெல்லாம் வெள்ளைக்காரன் ரயிலோடு வந்தது என்று நினைப்பவர்களுக்கு ஒரு ஓணானை அறிமுகம் செய்கிறேன். காரி நாயனாரின் 'கணக்கதிகாரம்' என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வருவது. பனைமரத்தின் உயரம் 32 முழம். ஓணான் ஒரு நாளைக்கு ஒரு சாண் ஏறும், நாலு விரல் சறுக்கும். உச்சிக்குப் போக எத்தனை நாள்?

ஒரு முழம் இரண்டு சாண். ஒரு சாண் 12 விரல். ஆக, மரம் 768 விரல். ஓணானுக்கு நிகர லாபம் நாளைக்கு 8 விரல். வகுத்தால் 96 நாள். இங்கேதான் நம் ஆட்கள் கொடி பிடிப்பார்கள். "சார், கடைசி நாள் உச்சியைத் தொட்டுட்டா சறுக்காதே?" நியாயமான கேள்விதான். 30 அடிக் கிணற்றில் தவளை பகலில் 3 அடி ஏறி ராத்திரி 2 அடி சறுக்கினால், விடை 30 நாள் இல்லை, 28. இந்தப் பொறியைப் போட்டித் தேர்வுக்காரர்கள் விரும்பி வைப்பார்கள். ஆனால் நம்ம ஓணான் 95 நாள் முடிவில் 760 விரலில் இருக்கும். மிச்சம் 8. தொண்ணூற்றாறாம் நாள் ஏறும்போதே உச்சி. எப்படிப் பார்த்தாலும் 96!

பையனுக்கு ஓணானைப் பிடித்துவிட்டது. "என் சம்பளம் மாதிரியே இருக்குண்ணா" என்றான். "ஒரு சாண் ஏறுது, நாலு விரல் பெட்ரோலுக்குச் சறுக்குது."

அடுத்த நாள் பாம்பை விட்டேன். சுமார் கி.பி. 850-ல் ராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் காலத்தில் வாழ்ந்த ஜைனக் கணித மேதை மகாவீரர். அவருடைய 'கணித சார சங்கிரகம்' நூலை சென்னை மாநிலக் கல்லூரி பேராசிரியர் ரங்காசார்யா ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, 1912-ல் சென்னை அரசு அச்சகமே வெளியிட்டது. அதில் ஒரு கருநாகம். நீளம் 80 விரற்கடை. ஒரு நாளில் பதினாலில் ஐந்து பங்கு நேரத்தில் ஏழரை விரற்கடை பொந்துக்குள் போகிறது. அதே சமயம் கால் நாளைக்கு ரெண்டே முக்கால் விரற்கடை அதன் வால் வளர்கிறது. முழுசாக உள்ளே போக எத்தனை நாள்?

பார்த்தால் தலை சுற்றும். வாயால் சொன்னால் சுற்றாது. கால் நாளைக்கு ரெண்டே முக்கால் என்றால் முழு நாளைக்கு நாலு மடங்கு, 11. பதினாலில் ஐந்து பங்கில் ஏழரை என்றால், ஒரு பங்குக்கு ஒன்றரை. பதினாலு பங்குக்கு 21. உள்ளே போவது 21, வெளியே வளர்வது 11. நிகரம் 10. எண்பதைப் பத்தால் வகுத்தால் 8 நாள். ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முந்தைய பின்னக் கணக்கு, ஒரு பீடா மெல்லுகிற நேரத்தில் முடிந்தது.

"வால் வளர்ற பாம்பெல்லாம் எங்கேண்ணா இருக்கு?"

"உன் பைக் லோன்டா. நீ மாசாமாசம் கட்டக் கட்ட உள்ளே போகுது. வட்டி பின்னால வளருது. தவணை வட்டியை விடக் கம்மியா இருந்தா, பாம்பு என்னிக்குமே பொந்துக்குள்ள போகாது."

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் பைக்கை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டான்.

மூன்றாவது வாரம் சராசரி வேகத்துக்கு வந்தோம். பட்டாபிராமிலிருந்து அம்பத்தூர் 12 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது 30, வரும்போது 60. சராசரி என்ன? நூற்றுக்குத் தொண்ணூறு பேர் கூட்டிப் பாதியாக்கி 45 என்பார்கள். தப்பு. போக 24 நிமிஷம், வர 12 நிமிஷம். 24 கிலோமீட்டருக்கு 36 நிமிஷம். சராசரி 40. ஏன் குறைகிறது? மெதுவாகப் போகும்போது வண்டியில் அதிக நேரம் இருக்கிறோம். தூரம் சமம்தான், நேரம் சமம் இல்லை. சராசரியில் நேரத்துக்குத்தான் ஓட்டு.

இதோடு விட்டிருக்கலாம். பரீட்சைக்குப் பிடித்தமான அடுத்த கேள்வியையும் போட்டோம். அதே ரோடு. போகும்போது மணிக்கு 20-ல் போய்விட்டான். போக வர மொத்தச் சராசரி 40 வேண்டுமென்றால் வரும்போது என்ன வேகம்?

"அறுபது" என்று எழுதிவிட்டு, அவனே வாயால் சொல்லிப் பார்த்தான். "40 சராசரின்னா மொத்தம் 36 நிமிஷம். 20-ல போனதுல 12 கிலோமீட்டருக்கு..." நிறுத்தினான். "அதுவே 36 நிமிஷம் ஆயிடுச்சேண்ணா."

"ஆமா."

"அப்ப திரும்பி வர நேரமே இல்லை. ராக்கெட்ல வந்தாலும் முடியாது."

"முடியாது."

பேனாவை மூடினான். "என் கதையும் அதானேண்ணா. பதினெட்டு வயசுலேர்ந்து இருபதுலதான் போய்ட்டிருக்கேன். கூடப் படிச்சவன் ஒருத்தன் பட்டாபிராம் டைடல் பார்க்குல கழுத்துல கார்டு மாட்டிட்டு லிஃப்ட்ல போறான். நான் அதே கட்டடத்து வாசல்ல பார்சலோட நிக்கறேன். இனிமே என்ன வேகத்துல போனா சரிப்படும், சொல்லுங்க?"

எங்கள் ஊரில் 2024 நவம்பரில் திறந்தார்களே, அந்த 21 மாடி டைடல் பார்க். அதன் நிழல் இந்த மாதிரிப் பையன்கள் மேல் எவ்வளவு நீளமாக விழுகிறது என்பது ஐ.டி. கார்டு மாட்டியவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை.

அறிவுரை சொல்ல எனக்கு வராது. கணக்குத்தான் வரும். "டேய், இந்தக் கணக்குல 36 நிமிஷம்னு யார் வச்சது?" என்றேன்.

"கேள்வி போட்டவன்."

"உன் கணக்குல யார் வச்சது?"

யோசித்தான். "அம்மா. முப்பதுக்குள்ள செட்டில் ஆகணும்னு சொல்லுது. அப்புறம் கல்யாண புரோக்கர்."

"ரெண்டு பேரும் கேள்வித்தாள் தயாரிக்கறவங்க இல்லையேடா. மொத்த நேரத்தைப் பூட்டி வச்சாத்தான் இந்தக் கணக்குக்கு விடை கிடையாது. பூட்டைத் தூக்கு. 20-ல போனவன் 60-ல திரும்பினா சராசரி 30 வந்துடும். நாப்பது இல்லைதான். ஆனா வீட்டுக்கு வந்து சேர்ந்துடலாம்."

அவன் சிரிக்கவில்லை. பேனாவை மட்டும் திரும்பத் திறந்தான். போதும்.

வேகம் என்றதும் அவனுடைய பைக் நினைவு வந்தது. சி.டி.எச். ரோட்டில் அவன் போவதைப் பார்த்திருக்கிறேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். அந்த 12 கிலோமீட்டரையே எடுத்து ஒரு பட்டியல் போடச் சொன்னேன். மணிக்கு 20 என்றால் 36 நிமிஷம். 40 என்றால் 18. 60 என்றால் 12. 80 என்றால் 9. இப்போது மிச்சத்தைப் பாருங்கள். 20-லிருந்து 40-க்கு ஏறினால் 18 நிமிஷம் லாபம். 40-லிருந்து 60-க்கு 6 நிமிஷம். 60-லிருந்து 80-க்கு வெறும் 3 நிமிஷம்! ஒவ்வொரு தடவையும் கூட்டியது அதே இருபதுதான். கிடைக்கிற கூலி தேய்ந்துகொண்டே போகிறது.

செலவு மட்டும் தேயவில்லை. மோதினால் விழும் அடியும், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரமும் வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 60-லிருந்து 80 என்பது வேகத்தில் மூன்றில் ஒரு பங்குதான் அதிகம். அடியில் ஒன்பதுக்குப் பதினாறு, கிட்டத்தட்ட ஒண்ணே முக்கால் மடங்கு. 40-லிருந்து 80 என்றால் நாலு மடங்கு. அதுவும் 80-லேயே சிக்னல் இல்லாமல், மாடு இல்லாமல், ஷேர் ஆட்டோ இல்லாமல் 12 கிலோமீட்டர் போக முடிந்தால். சி.டி.எச். ரோட்டில்! அந்த மூணு நிமிஷமும் முதல் சிக்னலிலேயே கரைந்துவிடும். ஆபீஸுக்கு லேட்டாகக் கிளம்பி ஆக்ஸிலேட்டரை முறுக்கும் அன்பர்கள் இந்தப் பட்டியலை ஒரு தடவை தங்கள் தூரத்துக்குப் போட்டுப் பார்க்கவும். லேட்டுக்கு மருந்து வீட்டில்தான் இருக்கிறது, ரோட்டில் இல்லை.

கடைசியாக ரயில் கணக்கு. இதில் இரண்டே விஷயம். ஒன்று, வண்டி பிளாட்பாரத்தைக் கடக்கிறது என்றால் எஞ்சின் மூக்கு பிளாட்பாரத்தைத் தொடுவதிலிருந்து கார்டு பெட்டியின் வால் தாண்டும் வரை. ஆக தூரம் பிளாட்பாரம் மட்டும் இல்லை, வண்டியின் நீளமும் சேர்த்தி. இரண்டு, கிலோமீட்டரை மீட்டராக்க ஐந்தின் கீழ் பதினெட்டு. 1000 மீட்டரை 3600 விநாடியால் வகுத்துச் சுருக்கினால் வருவது. இதற்குத் தமிழில் செல்லப் பெயர் இல்லாததால், மளிகைக் கடை விலை மாதிரி மனப்பாடம் செய்தோம். பதினெட்டுக்கு அஞ்சு. 36-க்குப் பத்து. 54-க்குப் பதினஞ்சு. 72-க்கு இருபது. 90-க்கு இருபத்தஞ்சு. 300 மீட்டர் வண்டி 200 மீட்டர் பிளாட்பாரத்தை 90 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க? ஐந்நூற்றை இருபத்தைந்தால் வகு, 20 விநாடி. எதிர் வீட்டுப் பையன் பதினோரு விநாடியில் சொன்னான்.

"சரி, இப்ப நான் ஒரு கணக்கு தரேன். புத்தகத்துல இல்லாதது" என்றேன். "நம்ம பக்கம் நாலு லைன். ஓரத்துலேர்ந்து ஓரம் சுமார் 20 மீட்டர். ஒருத்தன் மேம்பாலம் ஏறச் சோம்பல்பட்டு, காதுல ஒயரை மாட்டிக்கிட்டு, மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்துல தண்டவாளத்தைத் தாண்டறான். எக்ஸ்பிரஸ் 90-ல வருது. அவன் கால் வைக்கிறப்ப வண்டி எவ்வளவு தூரத்துல இருந்தா பிழைப்பான்?"

அந்த ஒருத்தன் யார் என்று இருவருக்குமே தெரியும். தினம் காலையில் மாடியிலிருந்து பார்க்கிறேனே.

போட்டான். நாலரை என்பது பதினெட்டில் கால். அப்படியென்றால் அஞ்சில் கால், விநாடிக்கு ஒண்ணே கால் மீட்டர். இருபதைத் தாண்ட 16 விநாடி. 16 விநாடியில் வண்டி 400 மீட்டர்.

"நானூறு மீட்டர்னா..." என்று ஆரம்பித்தான்.

"ஸ்கூல் விளையாட்டு விழாவுல ஓடற ஒரு முழு ரவுண்டு. அவ்வளவு தள்ளி இருக்கிற வண்டி சின்னப் பெட்டி மாதிரிதான் தெரியும். தூரத்துலதானே வருதுன்னு தோணும். ஜல்லியில கால் இடறினா உன் ஒண்ணே கால் குறையும். அதோட இருபத்தஞ்சு குறையாது. அந்த வேகத்துல டிரைவர் உன்னைப் பார்த்துட்டு பிரேக் போட்டாலும் வண்டி நிக்கப் பல நூறு மீட்டர் வேணும்."

1989-ம் வருஷ ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவில் இப்படித் தாண்டுவதற்கு ஆறு மாதம் வரை சிறை, ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று இருப்பதையும் சொன்னேன். அது அவனை அசைத்ததாகத் தெரியவில்லை. அந்த நானூறுதான் அசைத்தது. அவனே போட்ட கணக்கல்லவா? அடுத்தவன் சொன்ன புத்திமதியை மறுக்கலாம். தன் கையால் வகுத்த விடையை மறுக்க, கணக்கு தப்பு என்று நிரூபிக்க வேண்டும்.

நாலு நாள் கழித்து வந்தான். "மேம்பாலம் ஏறி இறங்கிப் பார்த்தேண்ணா. ரெண்டரை நிமிஷம். ஒரு நாழிகைக்கு 24 நிமிஷம்னா, கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு நாழிகை." நாழிகையை நான் சொல்லித் தரவில்லை. தானாகப் படித்திருக்கிறான்.

பரீட்சை எழுதிவிட்டு வந்த அன்று, கணக்கில் 24 போட்டதாகச் சொன்னான். ரயில் கேள்வி மூணும் சரி. ஒரு குழாய்க் கேள்வியை மட்டும் விட்டுவிட்டானாம். "தெரியாததைத் தொடலைண்ணா. மூணுல ஒரு பங்கு போயிடுமே."

ரிசல்ட் இன்னும் வரவில்லை. நேற்று அவன் அம்மா கீரை ஆய்ந்துகொண்டே என்னை நிறுத்தினார். "ஏன் தம்பி, இவ்வளவு கணக்கு சொல்லிக்குடுத்தியே, எம் புள்ளைக்கு வேலை கெடைக்குமா, கெடைக்காதா? அதுக்கு ஒரு கணக்கு போட்டுச் சொல்லேன்."

"அது நிகழ்தகவு அக்கா, வேற சாப்டர்" என்றேன்.

"அதையும் அவனுக்குச் சொல்லிக்குடு" என்றார்.